செல் அடித்த ஞாயிற்றுக்கிழமை

பெண் கேட்டுப் போனால் என்னென்ன கேட்பார்கள் என்று சேந்தனுக்கு ஓரளவு தெரியும். சம்பளம், சாதகம், சிகரெட், சாராயம் எல்லாவற்றுக்கும் பதிலைக் கையோடு கொண்டுபோயிருந்தான். வதனியின் அப்பா கனகரத்தினம் அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமை லிகிதராக இருந்தவர் அவர். தேத்தண்ணீரை ஆறவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உம்மடை குவாட்டர்ஸிலை ரெலிபோன் இருக்கோ?"

இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சேந்தன் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவ உதவியாளன். தோட்டத்துச் சனம் அவனை 'டொக்டர் ஐயா' என்றுதான் கூப்பிடும். கனகரத்தினம் மறந்தும் அப்படிச் சொல்லிவிடவில்லை. அங்கே தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் பங்களாவில் தொலைபேசி உண்டு, ஆபீசிலும் உண்டு. ஆபீஸ் போனில் சொந்தக் கதை பேசக்கூடாது என்பது துரையின் சட்டம். இதையெல்லாம் சேந்தன் விளக்கி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டிருந்தார். ரெலிபோன் வந்த பிறகு கதைப்போம் என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ் நிலையம்வரை வழியனுப்ப வந்த வதனிதான் காரணத்தைச் சொன்னாள். தொண்ணூற்றைந்தில், அவர்கள் பதுளைக்கு வருமுன், போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்தபோது, நெரிசலில் அவள் அப்பாவின் கையை விட்டுவிட்டாள். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்ற சேதி வரும்வரை மனிதர் சோறு தின்னவில்லையாம். அன்றிலிருந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் உடனே பதில் வரவேண்டும் அவருக்கு. பதில் வராத மலையில் அவளைக் கொண்டுபோய் விடமாட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று அவள் கண் கலங்கினாள். ஒரு போன் இல்லாத குறைக்கு இவளை இழப்பதா என்று சேந்தன் பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனான்.

சேந்தனுக்கு ரொறன்ரோவில் ஓர் அண்ணன் இருந்தான். கீர்த்திகன் என்று பேர். ஊருக்கு வருகிறவர்கள் கையில் தம்பிக்கு ஏதாவது கொடுத்துவிடுவது அவன் வழக்கம். மற்ற அண்ணன்மார் சொக்கிலேற்றும் சப்பாத்தும் அனுப்பினார்கள். இவன் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கம்பியூட்டரை அனுப்பியிருந்தான். அதன் முதுகில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டைச் செருகினால் படம் பிடிக்கும். அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் மருந்து அகராதி வரும். இன்னொன்று சதுரங்கம் ஆடும். சேந்தன் சதுரங்கத்தில் அந்தப் பெட்டியிடம் தோற்றுத் தோற்று மாரிகாலத்தைக் கழித்திருந்தான்.

போன் துண்டும் உண்டாம், அதைச் செருகினால் கம்பியூட்டரே போனாகிவிடுமாம் என்று அண்ணனிடம் கேள்விப்பட்டதும், அதை அனுப்பாவிட்டால் தம்பி என்று ஒருவன் இல்லையென்று நினைத்துக்கொள் என்று சேந்தன் சொல்லிவிட்டான். சமாதானம் பேசத் தொடங்கியிருந்த வருடம் அது. கனடாக்காரர் கூட்டம் கூட்டமாக ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்த ஒருவரின் பெட்டியில், உள்பனியன்களுக்கு நடுவே, போன் துண்டும் வந்து சேர்ந்தது.

பதுளைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்துகிற மர்ஸூக்கிடம் சிம் வாங்கப் போனான். மர்ஸூக் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தால் கணக்குப் பார்க்கும் மிஷின், பின்பக்கம் பார்த்தால் போன், இதை எந்தப் பக்கமாகக் காதில் வைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சேந்தனுக்கே அது பழக இரண்டு கிழமை பிடித்தது. இன்னொரு சங்கடமும் இருந்தது: பள்ளம் ஒன்றுதான். மருந்து பார்க்கவேண்டுமானால் போனைக் கழற்றவேண்டும். போன் வேண்டுமானால் மருந்தைக் கழற்றவேண்டும். காதல் மும்முரமாக இருந்த அந்த நாட்களில் தோட்டத்துச் சனத்துக்கு எந்த நோய்க்கும் பெரும்பாலும் பனடோல் குளிசைதான் கிடைத்தது.

எல்லாம் சரி, தோட்டத்தில் சிக்னல் இல்லை. சேந்தன் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மலை மலையாக அலைந்தான். டிஸ்பென்சரிப் படியில் நின்று பார்த்தான். முனியாண்டி கோயிலடியில் நின்று பார்த்தான். துரையின் பங்களா மதிலோரம் நின்று பார்த்தபோது நாய் துரத்தியது. டொக்டர் ஐயா மாணிக்கக்கல் தேடுகிறார் என்று மேட்டு லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பணிய லயத்தில் தோட்டத்தையே விற்கப்போகிறார்கள், அதுதான் அளந்து பார்க்கிறார் என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் வந்து, அப்படியென்றால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டுப் போனார்.

கடைசியில் சிக்னல் கிடைத்த இடம் கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்கிற அந்தத் தகரக் கொட்டகைக்குள்ளும் எல்லா இடத்திலும் இல்லை; தராசுக் கொக்கி தொங்குகிற இடத்தில் மட்டும். பெட்டியை ஒரு சீலைப் பைக்குள் போட்டுக் கொக்கியில் மாட்டினால் கோடுகள் ஏறி நின்றன. ஒரு முழம் தள்ளினாலும் விழுந்தன. வதனியோடு முதல்முறை பேசியபோது எங்கேயிருந்து பேசுகிறாய் என்று அவள் கேட்டாள். தராசில் இருந்து என்றான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பாவிடம் அவள் பாதியைத்தான் சொன்னாள். ரெலிபோன் வந்துவிட்டது, கையிலேயே வைத்துக்கொள்கிற ரெலிபோன் என்றாள். அது பொய்யில்லை. கையில் வைத்துக்கொள்ளலாம், அடிக்காது, அவ்வளவுதான். கனகரத்தினம் கந்தோரில் எத்தனையோ பேரின் பாதி உண்மைகளை வாசித்துப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை நானே அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு இருக்கிறேன், நீ இங்கேயிருந்து கோல் எடு, மணி அடிப்பதை என் காதால் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட அன்று முழுக்கச் சேந்தன் திட்டம் போட்டான். சாப்பாடு முடிந்ததும் இயற்கைக் காட்சி பார்க்கலாம் என்று அவரை மேலே நடத்திக்கொண்டு போவது. தற்செயலாக மடுவத்தில் இளைப்பாறுவது. அந்த நேரம் பார்த்து வதனி கோல் எடுப்பது. பெட்டியைக் குழந்தைகளோ குரங்குகளோ தூக்கிப் போகாமல் மடுவத்தில் காவல் இருக்க டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்கிற இராக்கம்மாவை ஏற்பாடு செய்தான். ஒருவேளை முந்தி அடித்தால், ஓசைப்படாமல் கீழே வந்து காதோடு சொல்லவேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

"நான் ஏங்க சத்தம் போடப்போறேன்," என்றாள் இராக்கம்மா.

அதுதான் அவன் விட்ட பிழை. இராக்கம்மா இந்த மலையில் நின்று பேசினால் எதிர்மலையில் பதில் வரும். ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்ததாக அவளைப் பற்றி அவள் புருஷன்கூடச் சொன்னதில்லை.

கனகரத்தினம் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். குவாட்டர்ஸைச் சுற்றிப் பார்த்தார். ரெலிபோன் எங்கே என்று கேட்டார். சார்ஜில் இருக்கிறது, பக்கத்தில்தான் என்றான் சேந்தன். அவர் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லாததையும் பார்த்தார். சோற்றுக்கு மேலே முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு, உப்புக் கொஞ்சம் கூட என்று மட்டும் சொன்னார். ஐயா என்று அவரைக் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் மாமா என்ற சொல் சேந்தனின் நாக்கு நுனியில் வந்து திரும்பிப் போனது.

சாப்பிட்டு, கைகழுவி, இயற்கைக் காட்சி பார்க்கப் புறப்பட்டார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை; பாதையோடு ஒட்டி, மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கான். மடுவம் மேலே தெரிந்தது. கனகரத்தினம் நின்று நின்று மூச்சு வாங்கினார். பதுளையில் வதனிக்குப் பொறுமை போய்விட்டது போல. சொன்ன நேரத்துக்கு முந்தியே எடுத்துவிட்டாள். மேலே மடுவத்து வாசலில் இராக்கம்மா தோன்றி, வாயைச் சுற்றிக் கையைக் குவித்தாள்.

"ஐயா... செல்லு அடிக்குது... ஓடியாங்க, சுருக்கா ஓடியாங்க..."

மலைநாட்டில் அதற்கு ஓர் அர்த்தம்தான். செல்போன் மணி அடிக்கிறது, வந்து எடுங்கள். யாழ்ப்பாணத்திலும் அதற்கு ஓர் அர்த்தம்தான். பீரங்கியால் குண்டு அடிக்கிறார்கள், ஓடு. செல் என்றால் அங்கே போன் இல்லை. வானத்திலிருந்து கூவிக்கொண்டு வந்து முற்றத்தில் விழுவது. அந்தச் சொல் காதில் பட்டால் அரைவாசி வாய்க்குள் போன சோற்றையும் விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குப் பாய்ந்த சனம் அது.

கனகரத்தினம் பாய்ந்தார். சேந்தனும் பாய்ந்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் இருவரும் கானுக்குள் குப்புறக் கிடந்தார்கள். வெள்ளை வேட்டி சேற்றில் முழுகியது. கண்ணாடி எங்கோ போனது. தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு குருவி கத்திக்கொண்டு போயிற்று.

விழுந்தபிறகுதான் சேந்தனின் மூளை வேலை செய்தது. கொக்கியில் தொங்குகிற பெட்டி கிணிங் கிணிங் என்று பாடுவது அவனுக்குக் கேட்டது. அவனே வாங்கிய சிம், அவனே மாட்டிய பெட்டி, அவனே வைத்த ஆள். வெட்கம் பிடுங்கித் தின்ன எழும்பப் பார்த்தான். முடியவில்லை. பிடரியில் ஒரு கை இருந்தது. கனகரத்தினத்தின் கை. அவன் தலையை மண்ணோடு அமுக்கிப் பிடித்திருந்தது.

"படும் தம்பி, எழும்பாதையும். ஒண்டு விழுந்தா அடுத்ததும் வரும்."

"மாமா, அது ரெலிபோன்," என்றான் சேந்தன். நாக்கு நுனியில் இருந்தது தானாகவே விழுந்துவிட்டது.

மேலே மணி நின்றது. கூடவே வந்த சின்னக் குச்சியால் திரையைத் தொட்டால்தான் அந்தப் பெட்டி பேசும். குச்சி சேந்தனின் பையில் இருந்தது. இராக்கம்மா கொண்டை ஊசியை உருவி, பச்சையாகத் தெரிந்த இடத்தில் குத்திவிட்டாள். அவள் பேசியது தோட்டம் முழுக்கக் கேட்டது.

"அலோ... ஆமாங்கம்மா, இருக்காங்க. ரெண்டு பேரும் கான்ல படுத்திருக்காங்க... ஏன்னு தெரியலீங்களே. செல்லு அடிக்குதுன்னு கூப்புட்டேன், பொத்துன்னு விழுந்துட்டாங்க." கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கீழே பார்த்து இன்னும் பலமாகச் சொன்னாள். "அம்மா சிரிக்கிறாங்க... இல்லீங்க, அழுவுறாங்க போல. ரெண்டுந்தான்."

கனகரத்தினம் எழுந்து கானுக்குள்ளேயே உட்கார்ந்தார். கணுக்காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்துச் சால்வையில் துடைத்தார். சால்வையும் சேறு, ஆனபடியால் ஒன்றும் துலங்கவில்லை.

"அப்ப உது வீட்டிலை அடிக்காது."

"அடிக்காது."

"மேலை அந்தக் கொட்டிலிலை மட்டுந்தான்."

"அதுவும் தராசிலை மாட்டினாத்தான், மாமா."

எல்லாம் முடிந்தது என்று சேந்தன் நினைத்தான். இனிப் பொய் சொல்லியும் பயனில்லை. வதனி கைவிட்டுப் போகிறாள், அதுவும் ஒரு கானுக்குள் வைத்து. கிழவர் கண்ணாடியை மாட்டி, அதன் சேற்றுக்கு ஊடாக அவனைப் பார்த்தார்.

"உமக்கு அது ரெலிபோன் எண்டு தெரியும்தானே. பிறகேன் விழுந்தனீர்?"

"தெரியேல்லை, மாமா. முதலிலை உங்களைத் தள்ளினன். பிறகுதான் நான் விழுந்தன்."

கனகரத்தினம் தன் தோளைத் தடவிப் பார்த்தார். தள்ளிய இடத்தில் வலித்திருக்கவேண்டும். தானாக விழுந்ததாகத்தான் அவர் அதுவரை நினைத்திருந்தார். எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சுக்கூட வாங்காமல் மேலே ஏறினார். கொக்கியில் தொங்கிய பெட்டியில் காதை வைப்பதற்கு அவர் பெருவிரல் ஊன்றி எம்பவேண்டியிருந்தது.

"பிள்ளை, நான்தான்... ஓம், ஓம், ஒண்டும் இல்லை. அடிச்சது கேட்டது. வடிவாக் கேட்டது." அவர் ஒருமுறை செருமினார். "மாப்பிள்ளை பக்கத்திலைதான் நிக்கிறார். சேறு, அவ்வளவுதான்."

மாப்பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இராக்கம்மாவைக் கட்டிப்பிடிக்காத குறை. இராக்கம்மாவோ, தன்னால் என்ன கெட்டது என்ன நல்லது நடந்தது என்று விளங்காமல், கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குக் கனகரத்தினம் ஒரு நிபந்தனைதான் போட்டார், அதையும் இராக்கம்மாவுக்குத்தான் போட்டார். இனிமேல் அந்தச் சாமானுக்குச் செல் என்று மட்டும் சொல்லக்கூடாது. வேறு எதுவானாலும் சொல்லட்டும். இராக்கம்மா தலையாட்டினாள், யோசித்தாள், யார் பேசுகிறார்களோ அவர்கள் பேரையே சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. வதனி தோட்டத்துக்கு வந்த பிறகு நாள் தவறாமல், கொழுந்து நிறுக்கிற நேரம் முடிந்ததும், பதுளையிலிருந்து அழைப்பு வரும். இராக்கம்மா மடுவத்து வாசலில் வந்து நின்று கையைக் குவிப்பாள். பாதையில் போகிற புதியவர்கள் திடுக்கிட்டு நிற்பார்கள். பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு சேந்தன் சிரித்தபடி மேலே ஓடுவதைப் பார்த்து, இதென்ன குடும்பம் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"ஐயா... மாமனாரு அடிக்கிறாரு... ஓடியாங்க..."