தரைக்கு வந்த மரங்கொத்தி

விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் மதுரைவீரனின் வலது கை மட்டும் திறப்பேனா என்றது. ராக்கன் கட்டைவிரலை நெம்பினான். உள்ளே ஒரு பறவையின் இரண்டு கால்கள். செத்த பறவை வேட்டி மடிப்புக்குள் கிடந்தது.

விடியற்காலையில் முந்திரிக்காட்டில், எறும்புப் புற்றை ஒட்டிக் கண்ணி வைத்துக் குத்தவைத்திருந்தவனை நல்லபாம்பு கடித்திருக்கிறது. ஆடு மேய்க்கப் போனவர்கள் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. கடிபட்ட பிறகும் மனிதன் பறவையை விடவில்லை.

"என்ன குருவிப்பா அது? நீதான் அறிஞ்சவன்," என்றார் பெரியவர் ஆண்டியப்பன்.

ஆலங்குடி பங்களாவில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரத் துரைக்கு, சீமைக்கு அனுப்பப் பறவைகளை உரித்துப் பஞ்சடைத்துக் கொடுப்பது ராக்கனின் வேலை. பச்சை முதுகு, மஞ்சள் பிட்டம், மார்பில் மீன்செதில் போன்ற கோடுகள். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு, கிளிக்கும் அப்படித்தான். அவன் வாலிறகைத் தடவினான். ஈர்க்குபோல முரட்டுத் தண்டு, நுனி தேய்ந்திருந்தது. வாலை மரத்தில் ஊன்றி நிற்கிற சாதிக்குத்தான் அந்தத் தண்டு வாய்க்கும்.

இருபது நாளைக்கு முன்பும் இதே தண்டை அவன் தடவிப் பார்த்தான். தரையில் எறும்பு பொறுக்குகிற மரங்கொத்தி ஒன்று இருக்கிறது என்று அண்ணன் பச்சை இறகுகளோடு பங்களாவுக்கு வந்திருந்தான். இந்தப் பக்கம் மரங்கொத்தி இரண்டே வகைதான் என்று ராக்கன் ஏற்கெனவே துரையிடம் அடித்துச் சொல்லியிருந்தான். காட்டில் திரியும் அண்ணன் மூன்றாவதைக் கொண்டுவந்து நீட்டவும் ராக்கனுக்கு வயிறு எரிந்தது. தெரிந்தே, இறகு கிளியுடையது, அண்ணன் தரையில் பார்த்தது புழு பொறுக்கும் கொண்டலாத்திக் குருவி என்று துரையிடம் சொல்லிவிட்டான். கிளார்க் ஆத்மநாதன், கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்று சிரித்தார். அன்றிலிருந்து ஊரில் அண்ணனுக்குப் பெயர் புளுகன். உயிரோடு பிடித்துக் காட்டுகிறேன் என்று அவன் நாள் தவறாமல் புற்றடிக்குப் போனது அதனால்தான்.

"மரங்கொத்தி," என்றான் ராக்கன்.

தலைமாட்டில் இருந்த மதினி இருளாயி நிமிர்ந்தாள். "தரையில மேயிறதா?"

"ஆமா மதினி."

"அப்ப அவரு பொய் சொல்லலை." புருஷன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "ஒங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. வெறும் எறகை வச்சு நீங்க மட்டும் என்னத்தைக் கண்டீங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. உரித்த பறவையின் காலில் இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி அனுப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதில் அவர் பெயரை எழுதச் சொல்லிவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றாள். ராக்கன் சரி என்றான்.

பிள்ளை இல்லாத அண்ணனுக்கு அவனே கொள்ளி வைத்தான். வெயில் ஏறினால் பறவை நாறிவிடும். சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு நேரே பங்களாவுக்கு நடந்தான். தீட்டுக்காரன் என்று ஆத்மநாதன் அவனைக் கொல்லைப்புறத்தில் உட்காரச் சொன்னார். துரை வந்து வாலை விரித்துப் பார்த்து, முகமெல்லாம் பல்லாகத் திரும்பிப் போனார்.

ராக்கன் உரித்து, பூச்சி அரிக்காமல் பாஷாணம் தடவி, பஞ்சடைத்தான். ஆத்மநாதன் சீட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"யாரு புடிச்சது? நீதானே?"

அண்ணன் பெயரைச் சொன்னால் அன்று கிளி இறகு என்று சொன்னது பொய் என்பது வெளியே வரும். அதோடு வேலையும் போகும். ராக்கன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

"ம்," என்றான்.

பொழுது சாய வீடு திரும்பினான். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்திருந்தது. இருளாயி வாசலுக்கே எழுந்து வந்தாள்.

"பேரு எழுதிட்டாங்களா தம்பி?"

"எழுதியாச்சு மதினி."

துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த பெண்களிடம் அவள் திரும்பி, சீமைக்குப் போகிற சீட்டில் அவர் பெயர் எழுதியாகிவிட்டது, இனி எவளும் அவரைப் புளுகன் என்று சொல்ல வேண்டாம் என்றாள். காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் கலயம் கஞ்சியை அவனுக்கு ஊற்றினாள். சட்டியின் அடியில் கிடந்த பருக்கைகளைத் துழாவி எடுத்து, அதையும் அவன் கலயத்திலேயே போட்டாள்.