நாலாவது கேள்வி

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. வாடகைக்குக் கொண்டுவந்தவன் இழுத்துப் பார்த்தான், பெட்டியைச் சாய்த்து நகர்த்திப் பார்த்தான், ஓனரம்மா வீட்டு வாசல் பிளக்குக்கு இன்னும் இரண்டு முழம் குறைந்தது. “ஒரு ஜங்ஷன் பாக்ஸ் யார்கிட்டயாவது இருக்குங்களா?” என்று அவன் பொதுவாகக் கேட்டதும் அனுசுயா எழுந்துவிட்டாள்.

“எங்கிட்ட இருக்கு. எடுத்துட்டு வாரேன்.”

“நீ உக்காரு தாயி, வேற ஆளை அனுப்புவோம்” என்று பெரியப்பா ராக்கையா சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருமுனை தாண்டியிருந்தாள்.

காலையிலிருந்து இப்படித்தான். டீ கொடுத்தாள், பந்தல்காரனுக்கு இடம் காட்டினாள், சங்கரன்கோவில் பக்கமிருந்து வேனில் வருகிறவர்களுக்கு வழி சொன்னாள், ஒருமுறை சொன்ன வழியையே மறுபடி போன் போட்டுச் சொன்னாள். பாவம், கூடப்பிறந்தவளுக்கு அழக்கூட நேரமில்லை என்று சனம் பேசிக்கொண்டது. நேரமெல்லாம் நிறைய இருந்தது. உட்கார்ந்தால் மதினி முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், அதற்குத்தான் அவளுக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் சந்தனம் காலை ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்த மொட்டை மாடிக்குப் போனவன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நாற்பத்தாறு வயசு. இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்திருக்கிறான். இவுக என்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் படியில் உட்கார்ந்து போன் பார்க்கிறாகளா என்று மதினி இரண்டு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். “ஒரு தலைவலின்னு படுத்தவர் இல்லையே, ஒரு அறிகுறியும் இல்லாமப் போயிட்டாரே” என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அனுசுயாவுக்கு எங்காவது ஒரு வேலை வந்துவிடும்.

அவளுடைய கிளினிக் இரண்டு தெரு தள்ளி, டீக்கடைக்கும் நூல்கடைக்கும் நடுவில் ஒரே அறை. ‘அனுசுயா பிசியோதெரபி. கழுத்து, தோள், இடுப்பு, மூட்டு வலிகளுக்கு’ என்ற போர்டைச் சந்தனமே ஏணி போட்டு ஏறி மாட்டினான். மாட்டிவிட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து, மறுபடி ஏறி ஒரு விரற்கடை இறக்கினான். துணியில் கோணல் பார்க்கிற கண், சும்மா இருக்காது.

ஷட்டரைத் தூக்கினாள். ஜங்ஷன் பாக்ஸ் ஒத்தட விளக்கின் அடியில் கிடந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே திரும்பியிருக்கலாம். கட்டில் மேல் சனிக்கிழமை சாயங்காலம் விரித்த துண்டு எடுக்கப்படாமல் இருந்தது. மேஜையில் ஃபார்ம் கட்டு.

அந்த ஃபார்ம் அவளே யோசித்து அச்சடித்தது. மொத்தம் பன்னிரண்டு கேள்வி. பேர், வயசு, என்ன வேலை என்று போகும். நாலாவது கேள்வி: வலி எப்போது வருகிறது? கையைத் தூக்கினால், திருப்பினால் வருகிறது என்றால் அது தசை, மூட்டு, அவளுடைய ராஜ்ஜியம். கை சும்மா இருக்கும்போது நடந்தால், படி ஏறினால் வந்து, நின்றால் போய்விடுகிறது என்றால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம், அதில் அவள் கை வைக்க மாட்டாள். நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். ஆறு வருஷத்தில் மூன்று பேரை அப்படி அனுப்பியிருக்கிறாள். அதில் ஒரு சாயப்பட்டறை சூப்பர்வைசர் பிழைத்து எழுந்து, ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். தாரில் பாதி அண்ணன் வீட்டுக்குப் போனது.

வியாழக்கிழமை சந்தனம் வந்தான். “இந்த எடது தோளைக் கொஞ்சம் பாரு அனுசு” என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவன், ஃபார்ம் கட்டைப் பார்த்துச் சிரித்தான்.

“எனக்கு ஃபார்ம் கிடையாதாக்கும்?”

“நீ என்ன அசலா? பேசாமப் படு.”

அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாக வலது கையில் கட்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு இடது கையால் துணி அடுக்கை அழுத்திப் பிடித்து நிற்கிறவன். அந்த நின்ற காலில்தான் அவளைப் படிக்க வைத்தான். அவனுடைய இடது தோள் வலிக்காமல் வேறு யாருடைய தோள் வலிக்கும்? கட்டைவிரலால் தேடினாள், முடிச்சு இருந்தது. அழுத்தினாள். “அப்பாடா” என்றான். சனிக்கிழமை மறுபடி வந்தபோது கம்பெனியிலிருந்து நடந்து வந்தவனுக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. அவள் ஃபேனைக் கூட்டி வைத்தாள். “விட்டு விட்டு வருது” என்றான். “நாளைக்கு ஒரு நாளாவது வீட்டுல சும்மா கெட” என்று அதட்டினாள்.

அன்றைக்கு மட்டும் பதினோரு பேருக்கு ஃபார்ம் எழுதியிருந்தாள். பதினோரு பேரிடமும் நாலாவது கேள்வியைக் கேட்டிருந்தாள்.

ஷட்டரை இறக்கிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியதும் செய்வதற்கு வேலை தீர்ந்துபோயிற்று. பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் அருண்பாண்டி வந்து சேர மூன்று மணி ஆகும். யாரோ அவள் தோளைப் பிடித்து அழுத்தி முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முத்துப்பேச்சி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நேத்துக்கூட இந்தக் கைதான் தேச்சுவிட்டுச்சு” என்று வந்தவர்களிடம் சொல்லி அழுதாள். “வீட்டுக்கு வந்து, என் தங்கச்சி கை பட்டதும் பஞ்சாட்டம் ஆயிருச்சு புள்ளன்னு சொன்னாக. கடைசியா இந்தக் கையிலதான் சொகம் கண்டாக.”

அனுசுயாவுக்குக் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. சொல்லிவிடலாமா என்று நினைப்பாள். சொல்லி இனி என்ன ஆகும், எரிகிற வயிற்றில் இதையும் ஏன் கொட்ட வேண்டும் என்று உடனே நினைப்பாள். அந்த இரண்டாவது நினைப்பு மதினிக்காக இல்லை, தனக்காகத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தப் பக்கம் நாற்காலியில் வீட்டு ஓனரம்மா பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டில் அவர், மேலே வரிசையாக ஆறு லைன் வீடு. குடியிருக்கிறவன் போனதற்குத் தன் வாசலையே ஒழித்துக் கொடுத்த மனுஷி. கொஞ்ச நேரமாகத் தோளை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் குனிந்தார்.

“ஏங் கண்ணு, கோவிச்சுக்காத. இந்தச் சமயத்துல கேக்கக் கூடாதுதான். ஒரு வாரமா இந்த எடது தோளு புடிச்சுக்கிட்டே கெடக்குது. செத்த அமுத்தி உடறயா?”

எழவு வீட்டில் இப்படியும் கேட்பார்களா என்றால் கேட்பார்கள். அனுசுயாவைப் பார்த்தால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் கழுத்து ஞாபகம் வந்துவிடும். காலையிலிருந்து இது மூன்றாவது ஆள். அவளுக்கும் மதினி மடியிலிருந்து கையை எடுக்க ஒரு சாக்குக் கிடைத்தது. எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று தோளில் கட்டைவிரலை வைத்தாள். தேடினாள். முடிச்சு எதுவும் அகப்படவில்லை.

“கையைத் தூக்குங்க.”

பொன்னாத்தாள் காதை ஒட்டி நேராகத் தூக்கினார்.

“வலிக்குதுங்களா?”

“இல்லியே.”

“பின்னாடி கொண்டு போங்க.”

“அதுவும் இல்லீங் கண்ணு. சும்மா சும்மா வருது, போவுது.”

அனுசுயாவின் விரல் நின்றுவிட்டது. அடுத்தது என்ன கேள்வி என்று அவளுக்குத் தெரியும். இந்த அம்மாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். விட்டால் என்ன ஆகும் என்பது இரண்டடி தள்ளிக் கண்ணாடிக்குள் படுத்திருந்தது. கேட்டாள்.

“படி ஏறும்போது வருதா? நின்னாப் போயிருதா?”

“அட, ஆமாங் கண்ணு! மாடிக்குத் துணி காயப்போடப் போனாப் போதும், கப்புன்னு புடிச்சுக்குது. நின்னன்னா உட்டுருது. எப்புடித் தெரிஞ்சுது உனக்கு?”

முத்துப்பேச்சியின் அழுகை நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

“அவுகளுக்கும் அப்படித்தான இருந்துச்சு” என்றாள். “ரெண்டு வாரமா பாதிப் படியில நின்னு நின்னுதான் வருவாக. என்னன்னு கேட்டா, தோளுதான், அனுசுகிட்ட காட்டிக்கிடுவேம்பாக. உங்கிட்டச் சொல்லலையா?”

சொல்லலை என்று ஒரு வார்த்தை போதும். பொய்யும் இல்லை. அண்ணன் படியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. செத்தவன் மேல் பழி போட்டால் அவன் எழுந்து வந்து சண்டை போடப்போவதில்லை. கூட்டத்தில் இருந்த எல்லாரும் உச்சுக்கொட்டி, ஆம்பளைங்க எங்க வாயைத் திறந்து சொல்றாங்க என்று முடித்துவிடுவார்கள்.

“நான் கேக்கலை மதினி” என்றாள் அனுசுயா. “வாரவுக எல்லார்ட்டயும் கேப்பேன். எழுதி வச்சுக் கேப்பேன். அண்ணன்ட்ட மட்டும் கேக்கலை.”

முத்துப்பேச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அதன்பிறகு அனுசுயா கத்தினாள். யாரிடம் என்றில்லாமல் கத்தினாள். வாசலில் நின்ற அவள் கணவன் முருகேஷ் ஓடி வந்தான்.

“இவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே. ஈசிஜி எடுக்கணும்னு சொல்லு.”

“எழவு ஊட்டுல இருந்து எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதா? நாளைக்குப் போயிக்கலாஞ் சாமி, எனக்கு ஒண்ணுமில்ல” என்று பொன்னாத்தாள் மறுத்தார்.

“நடக்கக் கூடாது. காரை வாசல்லயே கொண்டாரச் சொல்லுங்க. கையைப் பிடிச்சு ஏத்துங்க.” அவள் குரலுக்குப் பயந்தே அந்த அம்மா காரில் ஏறினார்.

கார் போனபின் அனுசுயா ஓரமாகத் தண்ணீர் டிரம்மை ஒட்டி நின்றாள். இப்போது அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றாள். பந்தல் துணியின் தையலை எண்ணினாள், விட்டுவிட்டு மறுபடி எண்ணினாள். அண்ணன் இருந்தால் துணி ஒரு பக்கம் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்திருப்பான் என்று தோன்றியதும், காலையிலிருந்து வராத அழுகை அங்கே நின்றபடியே வந்தது.

மூன்று மணிக்கு அருண்பாண்டி வந்து பெட்டி மேல் விழுந்து அழுதான். அவனை எழுப்பி உட்காரவைக்கும்போது முருகேஷ் போன் செய்தான். அனுசுயா பேசிவிட்டு வைத்ததும், முத்துப்பேச்சி தலை திருப்பாமல் கேட்டாள்.

“பொன்னாத்தாக்காவுக்கு என்னாச்சு?”

இரண்டு மணி நேரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“அடைப்பு இருக்காம் மதினி. உள்ள சேத்துக்கிட்டாங்க. நேரத்துக்கு வந்துட்டாங்கன்னு டாக்டர் சொன்னாராம்.”

முத்துப்பேச்சி தலையாட்டினாள்.

சங்கு ஊதியது. குளிப்பாட்டும் தண்ணீருக்கு நீர்மாலை எடுத்து வந்து, உடம்பைப் பெட்டியிலிருந்து இறக்கி பெஞ்சில் கிடத்தினார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் வந்தது.

“கூடப் பொறந்தவ எங்க? வா தாயி, நீ மொதல்ல வை” என்றார் ராக்கையா. “உள்ளங்கையால தொடப்படாது. எறந்தவுகளுக்குப் புறங்கையாலதான் வைக்கணும்.”

அனுசுயா புறங்கையை எண்ணெயில் தோய்த்து அண்ணனின் உச்சியில் மூன்று தடவை வைத்தாள். வேலை தெரியாதவள் கைபோல அது தடுமாறியது. நகரப் போனாள்.

“இரு” என்றாள் முத்துப்பேச்சி.

கிண்ணம் வைத்திருந்த பெண்ணிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு பெஞ்சைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. குரலில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை.

“எடது தோள்லயும் வை.”

“தலையிலதாம்மா வழக்கம்...” என்று ராக்கையா ஆரம்பித்தார். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அனுசுயா குனிந்தாள். புறங்கையை எண்ணெயில் தொட்டு, ஐஸில் கிடந்து விறைத்த தோளில் வைத்தாள். ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு கை தானாகத் திரும்பிக்கொண்டது. உள்ளங்கை தோளில் பதிய, கட்டைவிரல் பழகிய இடத்துக்குப் போய் அழுத்தியது. ராக்கையா வேறு பக்கம் பார்த்தார்.

பின்னால் எண்ணெய் வைக்க வந்தவர்களின் வரிசை வாசல் தாண்டித் தெருவரைக்கும் நீண்டிருந்தது. முத்துப்பேச்சி கிண்ணத்தை நகர்த்தாமல் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.