சவுரிமுத்துவின் நிகழ்காலம்

கோட்டின் இடது கை நுழைந்துவிட்டது. வலது கைதான் முழங்கையோடு நின்றுகொண்டு மேலே ஏற மறுத்தது. ஆண்கள் சவுரிமுத்துவின் தோளைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். எங்கோ தையல் விடும் சத்தம் கேட்டது.

“கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டு. அப்ப ஊதுவத்தி மாதிரி இருப்பான்” என்றாள் ரத்தினபாய், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. அவள் சவுரிமுத்துவின் அக்கா. தகவல் கேட்டதும் கட்டியிருந்த சேலையோடு பல்லாவரத்திலிருந்து வந்திருந்தாள். தம்பியை அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

செல்வமேரி அறை வாசலில் நின்று பார்த்தாள். கணவரின் கை யாரோ ஒருவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, குடித்துவிட்டு வந்தவரைக் கைத்தாங்கலாக வீட்டில் விட வந்ததுபோல. அவர் ஒரு நாளும் குடித்ததில்லை.

“இழுக்காதீங்க” என்றாள். “பின்பக்கம் கத்தரிக்கோலால வெட்டி வுடுங்க. முன்னாடி நல்லா கீதுல்ல, அது போதும். முதுவ ஆரு பாக்கப் போறாங்க?”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ரத்தினபாய் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, தானே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். வெட்டிய பிறகு கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

காலையில் அவர் நன்றாகத்தான் இருந்தார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காபி குடித்தபடி, முந்தாநாள் பல்லாவரம் சந்தையில் சேவல் விற்றவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் போறேன். அவன் சேவலத் தூக்கிக் காட்டறான். ‘இன்னாய்யா, ஒரு கண்ணுதான் கீது’ன்னு கேக்கறேன். அதுக்கு அவன் சொல்றான்…” அதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதுமே அப்படித்தான். கதையின் முக்கியமான இடம் வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். கேட்கிறவர்கள் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். செல்வமேரியும் காத்திருந்தாள். சிரிப்பு நின்றது. தலை சுவரில் சாய்ந்தது. டம்ளர் மடியில் கவிழ்ந்து காபி வேட்டியில் பரவியது. டாக்டர் வந்து மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது அம்மா என்றார்.

சேவல்காரன் என்ன சொன்னான் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அழுகைக்கு நடுவில்கூட அது அவளைக் குடைந்தது. இந்த நேரத்தில் இதையா நினைப்பது என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் நினைத்தாள்.

பந்தல் போட்டாகிவிட்டது. ஐஸ் கட்டிகள் வந்து, அவற்றின்மேல் மரத்தூள் கொட்டியாகிவிட்டது. நாலு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு கல்லறைத் தோட்டம். ஒரே மகன் ஏசுதாசன் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். கப்பல் நடுக்கடலில் இருந்தது. கம்பெனிக்குத் தந்தி கொடுத்தாயிற்று, அவர்கள் ரேடியோவில் தகவல் சொல்லிவிடுவார்கள் என்று ரத்தினபாயின் மகன் வேதசிரோமணி வந்து சொன்னான். அவன் வங்கியில் வேலை பார்ப்பவன், இந்த மாதிரி காரியங்களில் கெட்டி.

எதிர் வீட்டுத் தட்சிணாமூர்த்திதான் மற்றொன்றை நினைவுபடுத்தினார். இரும்புலியூரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது. இப்போது அந்தத் தெருவில் தொலைபேசி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். தயங்கித் தயங்கி வந்து செல்வமேரியின் பக்கத்தில் நின்றார்.

“மேரிம்மா, இன்னிக்கு மாசத்துல மொத ஞாயித்துக்கிழமையாச்சே. உங்க மருமக ரெண்டு மணிக்குப் பேசுமே.”

செல்வமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. ரோவேனா வீட்டில் தொலைபேசி கிடையாது. எங்கோ வெளியிலிருந்துதான் பேசுவாள். அவளுக்கு முன்கூட்டியே சொல்ல வழியே இல்லை. மாமனாரிடம் பேசத்தான் கூப்பிடப்போகிறாள்.

ரோவேனா மணிலாவில் நர்ஸ். ஏசுதாசன் அங்கேயே அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் கைக்குழந்தையோடு அழைத்து வந்தான். வந்த அன்றே அவள் மாமியாரை ‘மாமா’ என்றும் மாமனாரை ‘பாப்பா’ என்றும் கூப்பிட்டாள். அவர்கள் ஊரில் அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தொந்தியும் நரைத்த மீசையுமாகச் சவுரிமுத்து பாப்பா ஆனதில் தெருவே சிரித்தது. பால்காரர்கூட “பாப்பா எழுந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பால் ஊற்றினார்.

பேசத்தான் முடியவில்லை. மருமகளுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நாளெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் செல்வமேரிக்குக் கன்னம் வலித்தது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறப் போகும்போது ரோவேனா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. செல்வமேரி ஒரு வார்த்தையும் புரியாமல் தலையாட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அந்தப் பொண்ணு இன்னாதான் சொல்லிச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

சவுரிமுத்து அந்த மாதம்தான் ரயில்வேயில் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்த வாரமே மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் இருவரையும் சேர்த்துவிட்டார்.

வகுப்பில் எல்லாரும் வேலை தேடுகிற பிள்ளைகள். டீச்சர் ரமாவுக்கே இருபத்துமூன்று வயதுதான். மூன்று காலங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வகை என்று அவள் பலகையில் கோடு போட்டு எழுதுவாள். செல்வமேரி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். துணி துவைக்கும்போதுகூட உதடு அசையும். ஆனால் தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறக்க மாட்டாள். சவுரிமுத்து நேர் எதிர். ஒன்றையும் படிக்க மாட்டார், எல்லாரிடமும் பேசுவார், எல்லாவற்றையும் ஒரே காலத்தில் பேசுவார். யெஸ்டர்டே ஐ ஆம் ஈட்டிங் ஃபிஷ். லாஸ்ட் இயர் மை சன் இஸ் கமிங்.

நேற்று நடந்ததை நடந்துகொண்டிருப்பதாகச் சொல்லக் கூடாது என்று ரமா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். தமிழில் அப்படிச் சொல்வீர்களா என்று கேட்டாள். அவர் எழுந்து நின்று, “சொல்வோமே டீச்சர். ‘நேத்து பஸ்ல வரேன், ஒருத்தன் கால மிதிக்கிறான், நான் திரும்பிப் பாக்கறேன்.’ அப்படித்தான நீங்களும் உங்க வூட்ல போய் சொல்றீங்க?” என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரமாவும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அப்படியும் அவர் எந்தத் தேர்விலும் தேறவில்லை.

மாதாமாதம் தொலைபேசியில் பேசுவதும் அவர்தான். வெயில், மீன், குழந்தையின் பல் என்று பத்து நிமிஷம் நிகழ்காலத்திலேயே ஓட்டிவிடுவார். அந்தப் பக்கம் ரோவேனா சிரிப்பது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். கடைசியில் ரிசீவர் செல்வமேரியிடம் வரும். ஹலோ, ஃபைன், பை என்பாள். திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

“நான் சொல்லிடறேன் அத்தை” என்றான் வேதசிரோமணி. எப்படிச் சொல்வாய் என்று கேட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வீ டீப்லி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ” என்று தொடங்கினான்.

“தந்தி மாதிரி கீதுப்பா. பொண்ணு பயந்துடும்” என்றாள் செல்வமேரி. “நானே சொல்றேன்.”

ரத்தினபாய் வேண்டாம் என்றாள். இந்த நிலைமையில் தெருவைத் தாண்டிப் போவதா, அதுவும் தெரியாத பாஷையில் பேசுவதற்கு. செல்வமேரி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். ஒரே ஒரு சிக்கல்தான். ரமா பலகையில் எழுதிய வினைச்சொற்களில் போவது, வருவது, தின்பது, தூங்குவது எல்லாம் இருந்தன. சாவது இல்லை.

பந்தலுக்கு வெளியே வகுப்புப் பிள்ளைகள் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ரமா, அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. செல்வமேரி நேராக அவளிடம் போய், “டீச்சர், ‘டை’க்கு செகண்ட் ஃபார்ம் இன்னா?” என்று கேட்டாள்.

ரமா திகைத்தாள். பிறகு மெல்ல, “டைட்” என்றாள். ஆனால் மருமகளிடம் சொல்கிறபோது அப்படிப் பளிச்சென்று சொல்ல வேண்டாம், மரியாதையாகச் சொல்ல வேறு சொல் இருக்கிறது என்றாள். “பாஸ்ட் அவே-ன்னு சொல்லுங்கம்மா.”

“பாஸா?” என்றாள் செல்வமேரி. “ஒரு வருஷமா ஒரு டெஸ்டுலயும் ஆகல. இப்ப ஆயிட்டாருன்றீங்களா?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது செல்வமேரிதான். ரமா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அவள் தோளில் சாய்ந்தாள். திண்டாட்டமாகப் போய்விட்டது பிள்ளைகளுக்கு. மாலையை எங்கே வைத்துக்கொண்டு சிரிப்பது என்று தெரியவில்லை. ரத்தினபாய் பந்தலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

தட்சிணாமூர்த்தியின் கூடத்தில் தொலைபேசி மூலையிலிருந்த ஸ்டூலில் இருந்தது, மேலே பூப்போட்ட துணி மூடி. அவர் மின்விசிறியை நிறுத்தினார், சரியாகக் கேட்க வேண்டுமே என்று. ரமா வாசற்படியோடு நின்றுகொண்டாள். மணி அடித்தது. செல்வமேரி எடுத்தாள்.

“ஹலோ, பாப்பா?” என்றது தூரத்துக் குரல். உற்சாகமான குரல்.

“நோ. மாமா.”

பாப்பா எங்கே என்று ரோவேனா கேட்டாள். அது செல்வமேரிக்குப் புரிந்தது. ரமா கொடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மனப்பாடம் செய்த கட்டங்கள் ஒன்றும் கண்முன் வரவில்லை. கட்டிலும் காபியும்தான் வந்தன.

“ரோவேனா” என்றாள். “மார்னிங், பாப்பா இஸ் சிட்டிங். பாப்பா இஸ் டிரிங்கிங் காபி. ஹீ இஸ் டெல்லிங் ஸ்டோரி. ஹீ இஸ் லாஃபிங். ஐ ஆம் வெயிட்டிங்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “தென், பாப்பா டைட்.”

வாசலில் ரமா தலை குனிந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் ரோவேனா அழுதாள். விமான நிலையத்தில் கேட்ட அதே குரல். இடையிடையே ஏதேதோ சொன்னாள். லாஃபிங் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதா என்று கேட்கிறாள் என்று புரிந்தது. “யெஸ். லாஃபிங்” என்றாள் செல்வமேரி. மாமா, நீ தனியாகவா இருக்கிறாய் என்பதுபோல அடுத்தது. “நோ. மெனி பீப்பிள். ஃபுல் ஹவுஸ்.” அழுகை கொஞ்சம் தணிந்தது.

“ரோவேனா, யூ ஏட்?”

“நோ, மாமா.”

“ஈட்” என்றாள் செல்வமேரி. “ஃபர்ஸ்ட் ஈட். தென் க்ரை.”

மறுமுனையில் ரோவேனா, அழுகைக்கு நடுவே, நிஜமாகவே கொஞ்சம் சிரித்தாள். பிறகு ரிசீவர் கைமாறும் சத்தம். யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல. முதலில் வெறும் மூச்சு. அப்புறம் குழந்தை அன்னா பேசத் தொடங்கினாள். ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடர்ந்து, கேள்வி போல ஒன்று, கோபம் போல ஒன்று. அது தமிழில்லை, ஆங்கிலமும் இல்லை, அவர்கள் ஊர்ப் பாஷையாகவும் இருக்காது.

வெளியே பேண்டுக்காரர்கள் வந்து இறங்கி டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள். தட்சிணாமூர்த்தி வாசலுக்கு ஓடிப்போய்க் கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினார். செல்வமேரி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ம்” என்றாள். “அப்புறம்?”