ஜி பிரிவிலிருந்து ஹெச் பிரிவுக்கு நான்கு அடி

ஒரு மாவட்டத்தில் ஒரு கலெக்டர் ஆபீஸ் இருந்ததாம். ஆபீசில் ஒரு மாடி, மாடியில் ஒரு ஹால், ஹாலில் இரண்டு மேஜை. ஒரு மேஜை ஜி பிரிவு, இன்னொன்று ஹெச் பிரிவு. இரண்டுக்கும் நடுவே நான்கு அடி. அந்த நான்கு அடியில் ஒரு சர்வதேச எல்லை ஓடிக்கொண்டிருந்ததாம். காகிதத்தோடு அதைக் கடக்க வேண்டுமானால் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. முடித்திருக்க வேண்டும். நான் முடித்திருக்கிறேன்.

ஜி பிரிவில் மனோரஞ்சிதம் மேடம் மனுக்களை வாங்குவார். ஹெச் பிரிவில் நித்தியானந்தம் சார் அவற்றுக்கு உத்தரவு போடுவார். இருவரும் கணவன் மனைவி. காலையில் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். ஒரே பையில் இரண்டு டிபன் டப்பா. மாடிப்படியின் கடைசிப் படி வரை ஒரே நாடு. ஹாலுக்குள் கால் வைத்ததும் ஒருவருக்கொருவர் வெளிநாட்டவர். வீட்டிலும் ஆபீஸ் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் அது இரு நாட்டுப் பேச்சுவார்த்தை ஆகிவிடும், அதற்கு டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டும்.

எங்கள் தெருவிலிருந்து மயானத்துக்குப் பாதை கிடையாது. நடுவில் ஒருவருடைய நெல் வயல் இருக்கிறது. அறுவடை முடிந்திருந்தால் அதில் இறங்கிப் போகலாம். நாற்று நட்டிருந்தால் வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். பெரியப்பாவை ஒரு ஐப்பசியில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். பாடை சரிந்து அவர் வாய்க்காலுக்குள் விழுந்தார். வரப்பில் யாரும் கால் வைத்துவிடக் கூடாது என்று வயல்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவைச் சேறோடு புதைத்தோம்.

காரியம் முடிந்ததும் அப்பா சொன்னார், "பாதை போட்டாத்தான் நான் சாவேன்."

அப்பாவின் பெயர் அஞ்சாப்புலி. சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். மனோரஞ்சிதம் மேடம் அதை வாங்கி, எண் போட்டு, கோப்பில் சேர்த்து, டேக் கட்டி, மேஜையின் ஹெச் பக்க ஓரத்தில் வைத்தார். கோப்பு அங்கேயே இருந்தது. காற்றடித்தால் அதன் முனை எல்லைக்கு வெளியே படபடக்கும். மேடம் உடனே பேப்பர் வெயிட் வைத்துவிடுவார்.

மூன்றாம் வருடம் புரட்டாசியில் அப்பாவுக்கு நேரம் வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நாடி இல்லை. சீட்டில் 'மனு நிலுவையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இன்னும் பதினொரு பேர் தங்கள் சாவை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நான் மெல்லப் பேசுகிறவன். என் கோபத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் பசி என்று நினைத்துக்கொள்வார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போய் மேடத்தின் முன்னால் நின்றேன்.

"நாலடிதானே மேடம். கை நீட்டினா எட்டும்."

"கை நீட்டலாம் தம்பி. கையில பேப்பர் இருந்தா அது கடத்தல்."

"சார்கிட்ட வீட்ல ஒரு வார்த்தை சொல்லலாமே?"

"வீட்ல நாங்க ரசம் பத்திதான் பேசுவோம்" என்றார். "சாப்பிட்டியா?"

தேநீருக்கு மட்டும் எல்லை திறந்திருந்தது. அது பழைய ஒப்பந்தம். டீ கொண்டுவரும் பச்சையம்மாள் அக்கா ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்வருவார். என்னைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்.

"உங்கப்பா மொத வருசமே எங்கிட்ட வந்து நின்னாரு. பாவமா இருந்துச்சு. அந்தப் பேப்பர டீ தட்டுக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போனேன். புடிச்சிட்டாங்க. பேப்பர் திரும்பி வந்துருச்சு. நான் நாலு மாசம் அந்த மேசைகிட்டயே கெடந்தேன்."

"நாலு மாசமா?"

"எங்க வூட்டுக்காரு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுப் பாத்துட்டுப் போவாரு. நீ படிச்சுட்டுப் போ தம்பி. படிச்சவங்களுக்குத்தான் அங்க வழி உடறாங்க."

படித்தேன். 'பொது நிர்வாகம் பயின்றால் சர்வதேச வாழ்க்கை உங்கள் கையில்' என்று கல்லூரியின் கையேட்டில் போட்டிருந்தது. வகுப்பில் மற்றவர்கள் ஜெனீவா, நியூயார்க் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நான்கு அடியைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. செய்முறைத் தேர்வு என்பது அடுத்த பெஞ்சுக்கு ஒரு காகிதத்தைச் சேர்ப்பது. முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேரின் காகிதம் இன்னும் போய்ச் சேரவில்லை. எனக்கு எழுபத்தொரு மதிப்பெண்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"பையன் எந்த நாடு போறான் பெரியவரே?"

"ஹெச் பிரிவு" என்றார் அப்பா.

"அங்க ஏசி. குளிரும். மேல எதனா போட்டுக்கச் சொல்லுங்க." படிவத்தைப் புரட்டினார். "தகப்பனார் உயிரோட இருக்காரான்னு கேட்டிருக்கு. என்னான்னு போட?"

"நிலுவைன்னு போடுங்க."

ஏட்டு அப்படியே போட்டுக்கொண்டார்.

தெருவில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். என் முகத்துக்குப் பின்னால் ஒரு விமானம். பஸ் ஸ்டாண்டு வரை மேளம் வந்தது. அப்பா தன் துண்டை என் தோளில் போட்டார். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் விசா வரிசை. அதில் இரண்டு வருடம் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பட்டா, ஒரு சாதிச் சான்றிதழ், ஒரு கிணறு. ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்தபடி ஒவ்வொரு எம்.ஏ. கிணற்றை வைத்திருந்தவர் முந்தின தலைமுறையின் மனுவைச் சுமந்தார். கிணறு கேட்ட ஊரே இடம் மாறிப் போய்விட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு 'பன்னாட்டு அலுவலர் (நான்கு அடி)' என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு முத்திரையும் கொடுத்தார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு எல்லையைக் கடந்தேன். மேடம் கையசைத்தார்.

ஹெச் பிரிவில் எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரம். கடிகாரம் அங்கே அப்படித்தான் வைத்திருந்தார்கள். நித்தியானந்தம் சார் சாப்பிட்டு முடிக்க ஐந்து வாரம் ஆனது. மேடம் வைத்த ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் பிரித்தார்.

"பாதை எங்கேருந்து எங்கே?"

"எங்க தெருவுலேருந்து மயானத்துக்கு சார். உள்ள இருக்கு."

"உள்ள இருக்கறது மனு. நான் பார்க்கறது மேல இருக்கற கடிதம்."

மேல் கடிதத்தை விரலால் தட்டினார். அனுப்புநர்: ஜி பிரிவு. பெறுநர்: ஹெச் பிரிவு. பொருள்: பாதை.

"அனுப்புநர்லேருந்து பெறுநருக்கு. தெளிவா இருக்கே" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து, உட்கார்ந்தபடியே அளந்தார். "நாலு அடி. ஆட்சேபணை யாரும் இல்லை." கையெழுத்துப் போட்டார்.

கத்தினேன். வாய் முழுக்கத் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த நாட்டில் குரல் உயர்த்துவதற்கு வேறு விசா. அது பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும். மேஜையில் ஓங்கிக் குத்தினேன். சார் என்னைப் பார்த்தார்.

"பசிக்குதா தம்பி?"

மறுவாரம் பாதை போட்டார்கள். ஜல்லி பரப்பி, செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டினார்கள். மனோரஞ்சிதம் மேடத்தின் நாற்காலியை அரை அடி நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வேப்பங்கன்று நட்டார்கள். நடுவில் ஒரு மைல்கல், இரண்டு பக்கமும் பூஜ்யம். பணி முடிந்ததென்று விதிப்படி மனுதாரருக்குக் கடிதம் போனது.

அப்பா புதன்கிழமை வந்தார். தெருவில் சாவை நிறுத்தி வைத்திருந்த பதினொரு பேரும் கூட வந்தார்கள். எல்லோரும் வெளுத்த வேட்டியில், வெளுத்த புடவையில். அப்பா மூக்கில் வைக்கிற பஞ்சைச் சட்டைப்பையில் மடித்து எடுத்து வந்திருந்தார்.

பாதையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தும் பார்த்தார்.

"இதுக்காடா வெளிநாடு போன?"

"ரெண்டு வருசம் படிச்சேன், ரெண்டு வருசம் வரிசையில நின்னேன் ப்பா" என்றேன். "அவங்க மேசைய உடைச்சுடலாம் ப்பா. நீ சொல்லு. இப்பவே உடைக்கிறேன்."

"மேசையா சேத்துல தள்ளுச்சு?" என்றார். குனிந்து மைல்கல்லைத் தடவிப் பார்த்தார். "படுக்கத்தான் ஆறடி வேணும். நடக்க நாலடி போதும். சேறு இல்ல பாரு."

பிறகு திரும்பி, முதல் தடவையாக அந்த இருவரிடமும் பேசினார்.

"எந்திரிங்க ரெண்டு பேரும்."

நித்தியானந்தம் சார் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"பொணம் போவுது. எந்திரிச்சு நிக்கணும்."

"அப்படி எந்த விதியில இருக்கு?"

"எங்க தெருவுல இருக்கு."

சார் விதிப் புத்தகத்தை எடுத்துத் தேடினார். பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். காத்திருப்பது அவர்களுக்குப் புதிதில்லை. முதலில் எழுந்தது மேடம். எல்லைக்கு அப்பால் இருந்த கணவரைப் பார்த்தார். வீட்டில் பார்க்கிற மாதிரி பார்த்தார். சாரின் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. பச்சையம்மாள் அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

பதினொரு பேர் ஒவ்வொருவராகப் போனார்கள். வெளியே செல்லும் முத்திரையை நான்தான் குத்த வேண்டும். ஒவ்வொருவரும் உள்ளங்கையை நீட்டினார்கள், குத்தினேன். நான்கு அடியை அவசரப்படாமல் நடந்தார்கள். சிலருக்கு ஒரு மணி நேரம் ஆனது. சார் ஒருமுறை உட்காரப் பார்த்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார். சார் உட்காரவில்லை. குடை பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

"மனு போட்டவன் கடைசியா போறேன்" என்று சொல்லியிருந்தார் அப்பா. முறை வந்ததும் கையை நீட்டினார். முத்திரை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை, அழுத்திக் குத்தினேன்.

"வலிக்குதுடா" என்று சிரித்தார். பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டார். மைல்கல் வரை போனவர் நின்றார்.

"புகழேந்தி, அந்தப் பக்கம் ஏசி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு ப்பா."

"துண்டக் குடு."

கொடுத்தேன். உதறிப் போர்த்திக்கொண்டார். ஹெச் பிரிவின் மேஜையைத் தாண்டி, பீரோவைத் தாண்டி, சுவரைத் தாண்டி நடந்து போனார்.