முதலில் பதிந்தவர்

கோச்சடை அலுவலகத்தில், இறந்துபோன சக ஊழியன் தமிழ்மாறனின் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து, லினக்ஸ் ஏற்றி, எல்லாருடைய நிரல்களையும் சேமிக்கும் சர்வராக மாற்றிக்கொண்டிருந்தாள் இசைவாணி. ஆயுதபூசைக்கு அவன் அதன்மேல் வைத்த குங்குமத்தைத் துடைக்க மட்டும் மனம் வரவில்லை.

நிரல்களைச் சேமிக்க அவள் புதிதாக ஏற்றிய மென்பொருளில் முதலில் பெயர் பதிபவர்தான் அட்மின்; பின்னால் வருபவர்களுக்கு அவர் ஒப்புதல் தர வேண்டும். அவள் தன் பெயரைப் பதிந்ததும் திரையில் வந்தது: ‘அட்மின் தமிழ்மாறனின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும்.’

“இம்மானுவேல் அண்ணே, செத்துப்போனவனை வச்சா விளையாடுவீக?” என்று எரிந்துவிழுந்தாள்.

“நான் எப்படிம்மா விளையாட முடியும்? நீ இன்னும் ஒயரே சொருகலையே!” என்றார் அடுத்த மேசையிலிருந்து இம்மானுவேல்.

நெட்வொர்க் ஒயர் அவள் கையில்தான் இருந்தது.

திரை மாறியது. ஒப்புதல் வந்துவிட்டது. கீழே, யார் வேலையைச் சரிபார்த்தாலும் தமிழ்மாறன் எழுதும் அதே வார்த்தை; அதோடு புதிதாக ஒரு வரி:

‘பாத்துட்டேன் வாணி. இப்ப ஒயரைச் சொருகு.’