ஆற்றின் நடுவில் ஓடிய கேமரா

அக்கா புருலின் பைக்குக்குப் பின்னால் தன் பைக்கில் போவது எர்மெக்குக்கு அலுக்கவே அலுக்காது. கூழாங்கல் பாதையில் எழுந்து நின்றபடி, முழங்காலாலேயே வண்டியைச் சாய்த்துத் திருப்புவாள். அவள் தோள் மட்டும் ஆடாது.

தலைநகர் பிஷ்கெக்கில் வெளிநாட்டினரை பைக்கில் மலைக்கு அழைத்துப்போகும் நிறுவனம் ஒன்று, குழுவுக்கு முன்னால் ஓட்ட ஆள் தேடியது. ஊருக்கு மேலே இருக்கும் மலைக் கணவாயின் ஆற்றைக் கடக்கும் வீடியோவை அனுப்பச் சொல்லிப் புருலைக் கேட்டிருந்தார்கள். உச்சியில் பனி விழத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு விட்டால் கணவாய் அடுத்த கோடையில்தான் திறக்கும். எர்மெக்கின் ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பி, ஈரக் காலணிகளை அடுப்போரம் வைத்துவிட்டு மடிக்கணினியில் வீடியோவைப் போட்டபோது, முதலில் வந்தது ஒரு தேநீர்க் கோப்பை. அடுத்து, எர்மெக் ஒதுங்கிய பாறை. பிறகு வெகுநேரம் குதிரைகளின் பின்புறம். மந்தைக்கு வழிவிட்டு நின்றபோது எடுத்தது. வண்டி ஓடுகிற காட்சி ஒன்றுகூட இல்லை.

"என்னடா இது?"

"காலையில கையுறையோட ரெண்டு தடவ அமுக்கிட்டேன் போலக்கா. அப்புறம் ஆன் பண்றதா நெனச்சப்பல்லாம் ஆஃப் ஆயிருக்கு. காத்துல பீப் சத்தமே கேக்கல."

"அப்ப நான் ஆத்தக் கடந்தது?"

எர்மெக் தலையைச் சொறிந்தான்.

"பாறைய நல்லா எடுத்திருக்க" என்றாள் புருல்.

இன்னும் ஒரு காட்சி மிச்சமிருந்தது. அது எதுவென்று திறக்கும் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. நடு ஆற்றில் அவன் வண்டி நின்றுபோனபோது, அந்த அவமானம் பதிவாகக் கூடாதென்று கேமராவை அணைத்திருந்தான். அணைத்ததாக நினைத்திருந்தான்.

திரை முழுக்கச் சாம்பல் நிறத் தண்ணீர். அவன் குரல் கீச்சென்று கேட்டது: "அக்கா! இழுக்குது! அக்கா!"

அக்கரையில் தன் வண்டியை நிறுத்திவிட்டு, புருல் இடுப்பளவு நீரில் இறங்கி வந்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு கல்லையும் காலால் தடவிப் பார்த்தபின்தான் அடுத்த அடி வைத்தாள்.

"கத்தாத. ஹேண்டில என்கிட்ட குடு. வண்டிக்குப் பின்னாடி கட்டியிருக்கற பையப் புடிச்சுக்க."

ஏறி உட்கார்ந்தாள். சில உதைகளுக்குப் பிறகு எஞ்சின் உறுமியது. நீரோட்டத்தை எதிர்க்காமல், அதன் போக்கிலேயே சாய்வாக விட்டாள். நடுவே சக்கரம் ஒரு கல்லில் வழுக்கியது. அவள் தோள் லேசாக இறங்கி, வண்டி தானாக நிமிர்ந்தது. எர்மெக்கையும் இழுத்துக்கொண்டு கரையேறினாள். ஆற்றில் இருந்தபோது அவன் இதில் எதையும் பார்க்கவில்லை. பயத்தில் கண்ணுக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

புருல் திரையை மூடினாள். "வேணாம்டா. அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்."

"ஏன்? இதுல நீ கடக்கறியே."

"அவங்க இத ஊரு உலகத்துக்கே போட்டுக் காட்டுவாங்க. உன் கூட்டாளிங்க உன்ன விட்டுவெப்பானுங்களா?"

அவள் குதிரைக்குப் புல் போட வெளியே போனாள். எர்மெக் மறுபடி போட்டுப் பார்த்தான். சத்தத்தையே நீக்கித் தன் குரலை மறைத்துவிடலாம்தான். ஆனால் சத்தத்தை எடுத்தால் அவளுடைய "கத்தாத"வும் போய்விடும். பதற்றமில்லாத அந்தக் குரல் இல்லாமல் இந்த வீடியோவில் என்ன இருக்கிறது? அப்படியே அனுப்பிவிட்டான்.

புருலுக்கு வேலை கிடைத்தது. வீடியோவும் ஊர் சுற்றியது. அந்தக் குளிர்காலம் முழுக்க, சந்தையில் அவன் தலை தெரிந்ததும் எவனாவது, "அக்கா! இழுக்குது!" என்று கீச்சிடுவான்.

"ஆமாடா" என்பான் எர்மெக். "நீ மாட்டினா உன்ன இழுக்க யாருடா வருவா?"