விருந்து வைத்தவன் உண்ணவில்லை

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. எத்தனை வருட உழைப்பானாலும் ஒரே கேள்வியில் நறுக்கிவிடுவார், மனுஷன். இன்றைக்கு அவர் மேஜையில் கிடந்தது ஆய்வு மாணவி ஒருத்தியின் ஏழு வருடம். இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. பக்கத்திலிருந்த அவளுடைய ஆய்வு வழிகாட்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இவளா? ஊஹூம்.

பழைய மறைநூல் ஒன்றில் வரும் விருந்துதான் ஆய்வுப்பொருள். கிணற்றுக்காகச் சண்டை போட்ட இரண்டு குலத்தலைவர்களில் ஒருவன் மற்றவனை விருந்துக்கு அழைக்கிறான். 'விருந்து வைத்தவன் உண்ணவில்லை' என்கிறது நூல். பகை தீரவில்லை என்று உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். அடுத்த வரியிலேயே இருவரும் கிணற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்களே? அது இடைச்செருகலாம்! அடேயப்பா, என்ன துணிச்சல்.

"அந்த நூல் பொறந்த வட்டாரத்துல நாப்பத்திரண்டு வீட்டுல கூடவே தங்கிப் பார்த்தேன் சார். பெரிய விருந்தாளி வந்தா வீட்டுக்காரர் கடைசியிலதான் சாப்பிடுறாரு. அது மரியாதை."

"அதெல்லாம் இந்தக் காலத்து வீடும்மா. அந்தக் காலத்து ஆளு மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்? சாப்பிடலன்னா கோபம், அவ்வளவுதான்."

"கோபம்னு படிச்சா அடுத்த வரியை வெட்டணும் சார். மரியாதைன்னு படிச்சா ஒரு எழுத்தைக்கூட வெட்ட வேணாம்."

கத்தரி முகம் சுளித்தார். அந்த நேரம் பார்த்துக் கேன்டீன்காரர் டீ வைத்துவிட்டுப் போனார். அறையில் நாலு பேர், தட்டில் மூன்று கப். கத்தரி தானே எழுந்து, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவுக்கும் வழிகாட்டிக்கும் இவளுக்கும் எடுத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு சார்?"

"என் ரூமுக்கு வந்திருக்கீங்க, நீங்க குடிங்க. எனக்கு அப்புறம் வரும்."

இவள் கப்பைக் கீழே வைத்தாள். "எங்க மேல கோபமா சார்?"

"எனக்கென்ன கோபம்?"

"'தலைவர் குடிக்கவில்லை'ன்னு இன்னைக்கு யாராவது எழுதி வச்சா, பின்னாடி படிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

வழிகாட்டிக்குப் புரை ஏறியது. தேர்வாளர் அம்மா வாய்விட்டே சிரித்துவிட்டார். கத்தரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு கப் டீ ஆதாரமாகாது."

"ஆகாது சார். ஆதாரம் மூணாவது அத்தியாயத்துல இருக்கு. இது நாப்பத்துமூணாவது வீடு."

அவர் மூன்றாவது அத்தியாயத்தைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"இதையும் அடிக்குறிப்புல சேர்த்துக்குங்க. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க. டீ ஆறுது, குடிங்க டாக்டர்."

அவருடைய கப் இன்னும் வந்திருக்கவில்லை.